பதினோரு அடி

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். வெல்டிங் புகையால் வந்த இருமல் உனக்கு விட்டதா? உன் விடுதி போனுக்கு நாலு தடவை அடித்தேன். யாரோ எடுத்து அவர்கள் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அதனால்தான் கடிதம்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தால் நம் கேட்டில் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மனை எண் 16, மனை எண் 17, இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லையை மாற்றி வரைய அனுமதி கேட்டு மனு வந்திருக்கிறதாம். பதினாறு நாம். பதினேழு ஜல்லிக்காரர். பின்தெருவுக்கு லாரி விட வழி வேண்டுமாம் அவருக்கு. நம் பக்கத்தில் பதினோரு அடி எடுத்துக்கொள்கிறார். நான் டேப் வைத்து அளந்தேன். பதினோரு அடி என்றால் சமையலறை முழுவதும், குளியலறையில் பாதியும்.

மனுவில் இரண்டு மனைக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்கிறார் நகராட்சி எழுத்தர். "பத்திரம் அவன் பேர்ல இருக்கட்டும், வீடு உனக்கு" என்று அப்பா சொன்னது உனக்கும் எனக்கும்தான் தெரியும். காகிதத்தில் நீதான் சொந்தக்காரன். நீயோ கடல் தாண்டி இருக்கிறாய். அப்படியென்றால் அது கள்ளக் கையெழுத்து. அவரிடம் மூன்று வருடம் வேலை பார்த்தவன் நீ, உன் கையெழுத்து அவருக்குத் தெரியாதா என்ன?

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். "இது என் கையெழுத்து இல்லை" என்று நகராட்சிக்கு நாலு வரி எழுதிப் போடு. ஏப்ரல் 20 விசாரணை. அத்தான் இப்போதே குதிக்கிறார், பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் இருவர் நலமும் அறிய வேண்டுகிறேன். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஒரு பழைய எண்ணெய்க் கப்பல் வந்து நிற்கிறது. அடிவயிறு முழுக்கத் துரு. உள்ளே படுத்துக்கொண்டு பற்றவைக்க வேண்டும், பொறி எல்லாம் கழுத்துக்குள் விழுகிறது. என் சட்டைகளில் விழுந்த ஓட்டைகளைப் பார்த்தால் மீன்வலை என்பாய். இருமல் பரவாயில்லை. மேஸ்திரிக்கு என்மேல் பிரியம், "நீ வச்ச தையல் பிரியாது" என்கிறார்.

அத்தானின் லிஃப்ட் கம்பெனியில் இன்னும் அதே மேனேஜர்தானா? கேட்டேன் என்று சொல்.

அக்கா, அந்த எல்லை விஷயம். ஜல்லிக்காரர் நல்ல மனிதர் இல்லை. அவர் பட்டறைப் பக்கம் அத்தானை அனுப்பாதே, இதை மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன். பதினோரு அடிதானே? போகட்டும் என்று விட்டால் என்ன? பின்னால் இடம் இருக்கிறது, அங்கே சமையலறை கட்டிக்கொள்ளலாம். செலவை நான் அனுப்புகிறேன். நிம்மதிக்கு விலை உண்டா?

மழை பிடித்துக்கொண்டது. விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 17

தம்பிக்கு,

நான் நலம். அத்தான் நலமில்லை.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அவர் பட்டறைக்குப் போய்விட்டார். எனக்குச் சொல்லவில்லை. நடு மத்தியானம். ஜல்லி லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடைக்கு நேராகப் போய், பத்து டிரைவர்கள் முன்னால், "என் மச்சான் கையெழுத்தக் கள்ளத்தனமா போட்டது நீதான"ன்னு கேட்டிருக்கிறார். ஜல்லிக்காரர் சிரித்தாராம். அத்தான் அவர் சட்டையைப் பிடித்திருக்கிறார்.

இரண்டு பேர் அத்தானைக் குப்புறத் தள்ளி, வலது கையை மேடையின் இரும்பு விளிம்புக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டார்கள். மண்வெட்டிக் காம்பால் அடித்தது ஜல்லிக்காரரே. முதல் அடியில் முறியவில்லை. மூன்றாவதில் முறிந்தது. அத்தான் எண்ணியிருக்கிறார், அதனால் எனக்குத் தெரியும்.

என்னுடைய எக்ஸ்ரே அறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். டாக்டர் வேறு ஆளை வைத்து எடுக்கலாம் என்றார். நானே எடுக்கிறேன் என்றேன். ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு அவர் கையைத் தகட்டின்மேல் வைத்தேன். "மெதுவா"ன்னு கூடச் சொல்லவில்லை அவர். முன்கையில் இரண்டு எலும்பும் உடைந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தது. லாரிக் கதவில் மாட்டிக்கொண்டதாகப் போலீஸ் எழுதிக்கொண்டது. பத்து டிரைவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கப்பலின் அடிவயிற்றைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் கேட்ட நாலு வரி அதில் இல்லை. விசாரணைக்கு இன்னும் நாள் இருக்கிறது. எழுது.

அக்கா

*

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் கை இப்போது எப்படி இருக்கிறது? விரல்களை அசைக்கிறாரா?

நான் சொல்வதைக் கேள். இரண்டு பேரும் கொஞ்ச நாள் வேறு வீட்டுக்குப் போய்விடுங்கள். சண்டை வேண்டாம். அந்த ஆள் அடிப்பதோடு நிறுத்த மாட்டார், எனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. அடிக்கும்போது ஜல்லிக்காரர் ஏதாவது பேசினாரா? என் பெயரை எடுத்தாரா? அத்தானிடம் கேட்டு எழுது.

தம்பி

*

ஏப்ரல் 24

தம்பிக்கு,

உன் கடிதம் விசாரணை அன்று காலையில் வந்தது. நகராட்சிக்கும் ஒரு உறை வந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு போனேன். வரவில்லை.

மாடியில் நீளமான அறை. ஒரு பக்கம் அதிகாரி, எழுத்தர். சுவரில் நம் மனைப்பிரிவின் பெரிய வரைபடம். அதில் நம் மனையின் ஓரத்தில் சிவப்பு மையால் புதுக் கோடு. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆட்சேபணை யாருக்கு?" என்றார். அத்தான் எழுந்தார். "கையெழுத்து கள்ளக் கையெழுத்துங்க. பையன் வெளிநாட்ல இருக்கான்."

"நீங்க யாரு? பட்டாவுல உங்க பேரு இல்லயே."

"நான் அந்த வீட்ல குடியிருக்கறவன்."

ஜல்லிக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அந்தக் கை ஆறட்டும், அப்புறம் பேசலாம்"னார். அவ்வளவுதான். மேஜைமேல் இருந்த இரும்புக் குண்டை, காகிதம் பறக்காமல் வைப்பார்களே, அதை அத்தான் இடது கையால் எடுத்து அவர் காதோடு சேர்த்து அடித்தார். காது மடல் கிழிந்து தொங்கியது. நாற்காலியோடு விழுந்தவரை மறுபடி அடிக்கப் போனபோது மூன்று பேர் பிடித்தார்கள். பிடித்தவர்கள் அவருடைய மாவுக்கட்டின்மேலேயே மிதித்தார்கள். உன் அத்தான் சாது என்று நான் எழுதப்போவதில்லை. அவர் கண்ணை அன்று பார்த்தேன், எனக்கே பயமாக இருந்தது.

கோப்பில் ரத்தம் படுகிறது என்று எழுத்தர் அதைத் தூக்கி, பக்கத்தில் நின்ற என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். பத்து நிமிடம் அது என்னிடம் இருந்தது. நான் பிரித்துப் படித்தேன்.

சம்மதக் கடிதம் உன் கையெழுத்தில், முழுப் பக்கம். கீழே உன் துறைமுக நகரத்து நோட்டரி முத்திரை. டிசம்பர் 11. உன் புகைப்படம் ஒட்டியிருக்கிறது. மெலிந்திருக்கிறாய்.

கோப்பை மூடித் திருப்பிக் கொடுத்தேன். அத்தானை ஒரு நாள் உள்ளே வைத்து அனுப்பினார்கள். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஜல்லிக்காரர் உன் பெயரை எடுக்கவில்லை என்பதையும் உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஏன் என்று மட்டும் எழுது.

அக்கா

*

மே 20

தம்பிக்கு,

ஒரு மாதம் ஆகப்போகிறது. நீ உயிரோடு இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எல்லை மாற்றத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். புது வரைபடத்தில் முத்திரை விழுந்தாயிற்று. அந்தப் பதினோரு அடியில் உள்ளதை இடித்துக்கொள்ள எங்களுக்கு அறுபது நாள். தினமும் ஜல்லிக் கற்கள் ஜன்னலில் விழுகின்றன. நேற்று விழுந்தது என் முதுகில். எதிர் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அத்தான் தலையணைக்கு அடியில் பெரிய ஸ்பேனர் வைத்துத் தூங்குகிறார். "தம்பி லெட்டர் ஒண்ணு வந்தா எல்லாம் ரத்தாயிடும்"னு தபால்காரரை வழிமறித்துக் கேட்கிறார்.

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்னால்.

அக்கா

*

மே 29

அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் என் பெட்டிக்குள் இருக்கின்றன. நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

ஏழு வருடத்துக்கு முன் ஜல்லிக்காரரின் டிரைவர் ஒருவர் இறந்தார், நினைவிருக்கும். மேலிருந்து கல் சரிந்து விழுந்ததாகச் சொன்னார்கள். கல் விழவில்லை. நான் அடித்தேன்.

அந்த டிரைவருடைய லாரியின் பின்கதவுக் கீல் நான் பற்றவைத்தது. அது வழியில் கழன்று, லோடு முழுக்க ரோட்டில் கொட்டிவிட்டது. திரும்பி வந்தவர் எல்லோர் முன்னாலும் என்னை அறைந்தார். "இதுக்குப் பேரு வேலையா?" என்று இன்னொரு முறை அறைந்தார். என் கையில் ஜாக்கிக் கம்பி இருந்தது. ஒரே அடி, அக்கா. அவர் கால் மடங்கி உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே சாய்ந்தார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

ஜல்லிக்காரர் என்னை ஆபீஸ் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். "இது என்கிட்ட பத்திரமா இருக்கும். நீ வெளிநாட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்"னார். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். போன நவம்பரில் அந்தத் தாளின் நகல் தபாலில் வந்தது. கூடவே சம்மதக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்ற குறிப்பு.

பதினோரு அடி நிலம்தானே, அக்காவுக்கு வேறு சமையலறை கட்டிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தது அவ்வளவுதான்.

தம்பி

*

ஜூன் 14

தம்பிக்கு,

எனக்குத் தெரியும்.

அந்த டிரைவரின் தலையைப் படம் எடுத்தவள் நான்தான். விழும் கல் மண்டையை நொறுக்கும், நட்சத்திரம் மாதிரி விரிசல் விடும். அந்தப் படத்தில் இருந்தது விரல் நீளத்துக்கு உள்ளே அமுங்கிய ஒரே கோடு. கம்பி அடித்தால்தான் அப்படி வரும். அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் நீ சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய். மறு வாரம் வெளிநாட்டு வேலை என்கிறாய். நான் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். டாக்டர் "கல் விழுந்தது" என்று எழுதினார், நான் படத்தை உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். ஆக, உன்னைக் குற்றம் சொல்லும் உரிமை எனக்குப் பாதிதான்.

இப்போது சொல்வதைச் செய். சம்மதம் மிரட்டி வாங்கியது, திரும்பப் பெறுகிறேன் என்று நகராட்சிக்கு எழுது. பதிவுத் தபாலில் போடு. போலீஸுக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது உனக்கே தெரியும். அதை நான் கேட்கமாட்டேன். அது உன் கணக்கு.

அத்தானுக்கு மாவுக்கட்டு பிரித்தாயிற்று. எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் சொல்ல வாயெடுக்கிறேன். "உன் தம்பி நம்மள விட்டுக்குடுக்க மாட்டான்"னு அவர் ஆரம்பித்துவிடுகிறார்.

அக்கா

*

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நகராட்சிக்கு இன்று பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். ரசீது இத்துடன். போய்ச் சேரப் பதினைந்து நாளாவது ஆகும் என்கிறார்கள். அதுவரை யாரோடும் மோதாமல் இருங்கள்.

போலீஸ் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

அத்தானிடம் நீ சொல்லாதே. நானே தனியாக எழுதுகிறேன். அவர் என்னைத் திட்டினாலும் சரி. என் வாயால் தெரிந்துகொள்ளட்டும்.

தம்பி

*

ஜூலை 19

தம்பிக்கு,

உன் அத்தான் 11ஆம் தேதி இறந்துவிட்டார். அவர்கள் மொழி தெரிந்த ஆளை வைத்து உன் விடுதிக்குப் போன் செய்தோம், யாரும் எடுக்கவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். காலை பத்து மணி. நான் டியூட்டியில் இருந்தேன். அறுபது நாள் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஜல்லிக்காரர் பட்டறையிலிருந்து மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, முதலில் காம்பவுண்டுச் சுவரைத் தள்ளியிருக்கிறார்கள். அத்தான் ஸ்பேனரோடு வெளியே வந்து இயந்திரத்தின் கண்ணாடியை உடைத்தார். டிரைவர் இறங்கி ஓடினான். ஜல்லிக்காரர் அவனைக் கழுத்தைப் பிடித்துக் கொண்டுவந்து மறுபடி ஏற்றினார். அத்தான் சமையலறைக்குள் போய், சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார். "இப்ப இடிடா"ன்னு உள்ளேயிருந்து சத்தம் போட்டது தெருவுக்கே கேட்டிருக்கிறது. டிரைவர் தயங்கினான். ஜல்லிக்காரர் கையை அசைத்தார்.

எதிர் வீட்டம்மா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். இந்த முறை கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. போலீஸில் சொல்லிவிட்டார்.

என் அறைக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. முகம் முழுக்கச் சிமெண்டும் ரத்தமும் அப்பியிருந்தது, தலையில் துணி சுற்றியிருந்தார்கள். யாரோ கட்டிட வேலைக்காரர் என்று நினைத்துக்கொண்டு மார்பு, இடுப்பு, கை என்று வரிசையாக எடுத்தேன். வலது கைப் படத்தை விளக்கில் மாட்டியபோது, கோணலாகக் கூடிய இரண்டு எலும்பு தெரிந்தது.

இரண்டு மணி நேரம் இருந்தார். நினைவும் இருந்தது. "தம்பி லெட்டர் போட்டானா?" என்று கேட்டார். "போட்டுட்டான்" என்றேன். "எனக்குத் தெரியும், அவன் போடுவான்னு" என்றார். பிறகு பேசவில்லை.

அப்போது நான் சொன்னது பொய். நீ போட்டிருந்தது எனக்குத் தெரியாது. உன் கடிதமும் ரசீதும் பதினாறாம் தேதி வந்தன. நகராட்சிக்குப் போனது பதினேழாம் தேதி சேர்ந்தது என்று எழுத்தர் வீட்டுக்கே வந்து சொன்னார். நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அத்தானுக்கு எழுதிய கடிதம் ஏதாவது வைத்திருந்தால் அனுப்பாதே.

அக்கா

*

செப்டம்பர் 2

அக்காவுக்கு,

இந்த உறையின்மேல் உள்ள முத்திரையைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். நான் இங்கே நம் ஊர்ச் சிறையில்தான் இருக்கிறேன். பதினெட்டு நாள் ஆகிறது. விமானத்திலிருந்து இறங்கி நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். நம் தெரு வழியாகத்தான் ஆட்டோ போனது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. "ஏழு வருஷம் கழிச்சு எதுக்குய்யா வந்த?" என்றார். ஜல்லிக்காரரின் பீரோவில் அந்தத் தாளைக் கண்டெடுத்த பிறகு நம்பினார். அத்தான் விஷயத்தில் ஏற்கெனவே உள்ளே இருந்த அவர்மேல் இதை மறைத்ததற்கும் வழக்குச் சேர்ந்திருக்கிறது. அவர் அடுத்த பிளாக். அவருடைய ஆள் ஒருவன் குளிக்கும் இடத்தில் என் முகத்தைத் தொட்டியில் மோதினான். முன்பல் இரண்டு போயிற்று. பேசினால் காற்று வருகிறது, மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

கோர்ட்டு வாசலில் அந்த டிரைவரின் மனைவி என்னை அடித்தார். முதல் அடியிலேயே போலீஸ்காரர்கள் தடுத்தார்கள். விடுங்கள் என்றேன். அவர் மறுபடி அடிக்கவில்லை. "ரெண்டு புள்ளைங்க கிட்டயும் கல்லு விழுந்துச்சுன்னு சொல்லி வளத்தேன்" என்றார்.

நீ என்னைப் பார்க்க வர வேண்டாம். வர வேண்டும் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. வியாழக்கிழமைகளில் பார்வை நேரம் என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

தம்பி

*

செப்டம்பர் 21

தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். பல்லைக் கட்டிக்கொள், சிறை ஆஸ்பத்திரியில் கட்டுவார்கள். எனக்கு அங்கே ஆள் தெரியும்.

எல்லை மாற்றத்தை நகராட்சி ரத்து செய்துவிட்டது. போன வாரம் சர்வேயர் பெண் வந்து, சங்கிலி பிடித்து அளந்து, பழைய இடத்திலேயே கல் நட்டாள். பதினோரு அடியும் நம்முடையதுதானாம். "ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்றாள். பட்டாவில் என் பெயர் இல்லை என்றேன். "பரவால்ல, குடியிருக்கறவங்க போட்டா போதும்" என்றாள். போட்டேன். சமையலறை இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. அடுப்பைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

டிரைவரின் தலைப் படத்தைப் பற்றி நானே போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அலமாரியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். விசாரணை இருக்கும். இருக்கட்டும்.

ஒன்றை உன்னிடம்தான் சொல்ல முடியும். ஏப்ரலில் அந்தக் கோப்பைப் படித்த அன்றே நான் அவரிடம் சொல்லியிருந்தால், ஒரு வாரம் கத்தியிருப்பார், உன்னைத் திட்டியிருப்பார், பிறகு வேறு வீடு பார்த்திருப்பார். அந்தச் சுவருக்காக உட்கார்ந்திருக்க மாட்டார். அவர் உட்கார்ந்தது உன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்பி. நான் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். அவரை நீ பாதி கொன்றாய், நான் பாதி கொன்றேன். இதில் எல்லையை யார் வந்து வரைந்தாலும் எனக்கு ஒப்புதல் இல்லை.

வியாழக்கிழமை சிறைக்கு வந்தேன். படிவம் கொடுத்தார்கள். என் பெயர், முகவரி, உன் பெயர் எல்லாம் எழுதினேன். "உறவு" என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. ரொம்ப நேரம் நின்றிருப்பேன் போல. காவலர், "என்னம்மா, உறவு தெரியாமயா பாக்க வந்தீங்க?" என்றார். அக்கா என்று எழுதினேன். ஆனால் கொடுக்கவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பிறகு திரும்பிப் போய், இதையே அடுத்த வியாழன் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"தேதிய மட்டும் மாத்திக்குங்க" என்றார்.

உன் அக்கா